நிலாவுக்கு ஆள் தேவை

ஈரத் துணியால் பலகையைத் துடைத்து, அது காய்வதற்குள் ஒரு டீயைக் குடித்துவிட்டு, சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு மறுபடி பலகை முன்னால் வந்து நிற்கிறார் தட்சணாமூர்த்தி. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்பும் மண்பாதையின் முனையில் இருக்கிறது அவருடைய லாரி புக்கிங் ஆபீஸ். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு டெலிபோன், வாசலில் சாய்த்து வைத்த இந்தக் கரும்பலகை. அவ்வளவுதான் ஆபீஸ். "பாலக்காடு – 2, சித்தூர் – 1, ஓசூர் – 1" என்று அன்றைக்கு உப்பு போகவேண்டிய ஊர்களையும் வேண்டிய வண்டிகளையும் எழுதுகிறார். பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில், "நிலா – ஆள் தேவை."

புதிதாக வரும் டிரைவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிலர் ஏஜெண்ட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து அவசரமாக வந்த தனகோடி என்கிற டிரைவர் மட்டும் பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "நிலாவுல எறக்கறதுக்கு ஆளு இருக்குதுங்களா, இல்ல நாமளேதான் எறக்கணுமா?" என்று கேட்டான். தட்சணாமூர்த்தி அவனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, வந்திருந்த லோடுகளில் நல்லதாகப் பார்த்து ஒன்றை ஒதுக்கினார். "இந்த ஊர்ல இத்தினி பேரு இருக்கீங்களே, ஒருத்தனாச்சும் இந்தக் கேள்வியக் கேட்டீங்களாய்யா?" என்று அன்று முழுக்க எல்லோரையும் கடிந்துகொண்டிருந்தார்.

லாரி புக்கிங் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான் உண்டு. உப்பு ஏற்றிக்கொண்டு போன வண்டி திரும்பும்போது காலியாக வரக்கூடாது. பாலக்காட்டுக்குப் போனால் அங்கிருந்து மரமோ தேங்காயோ ஏற்றிக்கொண்டு வரவேண்டும். "லாரிக்காரனுக்கு லாபம் போறதுல இல்லப்பா, வர்றதுல இருக்குது" என்பார். உலகத்தில் உள்ள சகலத்தையும் தட்சணாமூர்த்தி இந்த ரிட்டன் லோடு கணக்கில்தான் பார்ப்பார். கல்யாணத்துக்கு மொய்யோடு போகிறோம், தாம்பூலப் பையோடு வருகிறோம். அவர் மனைவி அம்சவள்ளி பிறந்த வீட்டுக்கு உப்போடு போய் மல்லாட்டைக் கடலையோடு திரும்புகிறாள். கோயிலுக்குத் தேங்காய் போகிறது, மூடியாகத் திரும்புகிறது. காலியாகத் திரும்புகிறவர்கள் அரசியல் கூட்டத்துக்குப் போனவர்கள் மட்டும்தான் என்று அவர் சொல்வதுண்டு. அதிலும் இப்போதெல்லாம் பிரியாணி தருகிறார்கள்.

நிலாவுக்கும் இந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தார். 2004 பொங்கல் சமயம். பக்கத்தில் கொளஞ்சியின் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் கிரகத்தில் ஆளில்லாத வண்டி ஒன்று இறங்கி உருண்டுகொண்டிருக்கிறது என்று செய்தி. கடையில் எல்லோருக்கும் ஆச்சரியம். தட்சணாமூர்த்திக்கு மட்டும் கோபம் வந்தது. "டிரைவர் இல்ல, கிளீனர் இல்ல, போன வண்டி திரும்பி வரவும் வராதாம். இதுக்குப் பேரு டிரிப்பா?" என்று எழுந்து நின்றுவிட்டார். "அப்பவே நிலாவுக்கு ஆளு போனான். போயிட்டு இன்னா ஏத்திக்கினு வந்தான்? கல்லு! ஏன்? அங்க நம்ம ஏஜெண்ட்டுனு ஒருத்தன் இல்ல. ஆளு குடியிருந்தாத்தான்யா லோடு சேத்து வெப்பான். மொதல்ல குடியேத்தணும். குடும்பம் குடும்பமா குடியேத்தணும்." அந்த வாரமே மரக்காணம் வட்டார விண்வெளிக் குடியேற்ற ஆதரவு மன்றம் உதயமாகிவிட்டது. செயலாளர் அவரே. தலைவர் பதவியைக் கொளஞ்சிக்குக் கொடுக்கப் போனார். "டீ குடுக்கறேன், பதவியெல்லாம் வேணாங்க" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். செவ்வாய் ரொம்ப தூரம், லாங் டிரிப். பக்கத்திலிருக்கிற நிலாவில் முதலில் நாலு குடும்பத்தை இருத்திவிட்டு அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது முதல் கூட்டத்தின் தீர்மானம்.

கூட்டம் பௌர்ணமி தோறும், ஆபீசுக்குப் பின்னால் மூட்டை ஏற்றுகிற மேடையில், பொழுது சாய்ந்ததும் நடக்கும். உப்பு அம்பாரங்களுக்கு அந்தப் பக்கம் நிலா கிளம்பி வரும். தட்சணாமூர்த்தி அதைக் கையால் காட்டிக் காட்டிப் பேசுவார். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அர்ச்சுனன், கொளஞ்சி, வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும் லோடுமேன்கள் – இவர்கள்தான் மன்றம். டீ செயலாளர் செலவு என்பதால் கூட்டம் ஒருபோதும் குறைந்ததில்லை.

அந்த முதல் கோடையில் மன்றம் செய்த காரியம் ஒன்றை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நிலாவில் மழையே கிடையாது, ஒரே மூச்சில் பதினாலு நாள் வெயில் அடிக்கும் என்று தட்சணாமூர்த்தி எங்கோ படித்துக்கொண்டு வந்து சொன்னார். உப்புக்காரனுக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? அர்ச்சுனனுக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருஷம்தான் பருவம் தப்பிப் பெய்த மழை அவருடைய அம்பாரத்தில் பாதியைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. "தார்ப்பாய் வேணாம், கீத்து வேணாம், மானத்தப் பாத்துக்கினு முழிச்சிக்கினு கெடக்க வேணாம்" என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மேடையில் சாக்பீஸால் பாத்தி பாத்தியாகக் கட்டம் போட்டார்கள். வாய்க்கால் எந்தப் பக்கம், வரப்பு எவ்வளவு அகலம், அம்பாரம் எங்கே குவிப்பது என்று அடுத்த பௌர்ணமி வரை விவாதம் ஓடியது. அந்தப் பௌர்ணமியில்தான் கொளஞ்சி டீயை ஆற்றிக்கொண்டே, "ஏங்க, பாத்திக்குத் தண்ணி எங்கேருந்து கட்டுவீங்க?" என்று கேட்டார்.  பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே கடலை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினை என்றே தோன்றவில்லை. தட்சணாமூர்த்தி மேடையைக் கழுவிவிடச் சொன்னார்.

லோடுமேன்கள் கட்சி மாறியது வேறு கதை. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான், இங்கே எழுபத்தைந்து கிலோ மூட்டை அங்கே பன்னிரண்டு கிலோ சொச்சம்தான் கனக்கும் என்று செயலாளர் அறிவித்தார். முதலில் கைதட்டினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வெயிட்டு கொறைஞ்சா கூலியும் கொறைச்சிடுவீங்கல்ல?" என்று ஒருவன் கேட்க, அத்தனை பேரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். மூட்டைக் கணக்கில்தான் கூலி, எடைக் கணக்கில் இல்லை என்று வாக்குறுதி கொடுத்து அவர்களை மறுபடி உட்கார வைப்பதற்குள் நிலா உச்சிக்கு வந்துவிட்டது.

இவ்வளவு பேசுகிற மனிதர் எங்கெல்லாம் போய் வந்திருக்கிறார் என்று கேட்கக்கூடாது. ஆயிரம் லாரிகளை அனுப்பியவர் ஒரு லாரியிலும் ஏறியதில்லை. பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகவேண்டி வந்தால் முதல் நாளே முகம் வெளுத்துவிடும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, முன் சீட்டில் ஜன்னல் ஓரம். பாண்டிக்கு முன்னால் வரும் பெரிய முதலியார்சாவடியைத் தாண்டுவதற்குள் பைக்கு வேலை வந்துவிடும். "அப்ப நீங்க நிலாவுக்குப் போகலியா?" என்று கேட்டால், "ஏஜெண்ட்டுனா எடத்துல இருக்கணும்யா. நானும் போயிட்டா இங்கேருந்து லோடு அனுப்பறது யாரு?" என்பார். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எழுந்து நின்று, "சரி, யாராச்சும் போறீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, நிஜமாகவே காத்திருப்பார். ஒரு கைகூடத் தூக்கப்படாது. அதில் அவருக்கு உள்ளூர வருத்தம் இருந்தது. ஊரில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கை – அது போதும் அவருக்கு. ஒருவர் போகிறேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் இது கிண்டல் இல்லை, திட்டம்.

அந்த வருஷம் டிசம்பர் 26ஆம் தேதியும் பௌர்ணமிதான். மாலை கூட்டம் என்று முந்தின நாளே பலகையில் எழுதியிருந்தார். காலையில் கடல் வந்தது. அனுமந்தைப் பக்கத்து மீனவக் குப்பங்களிலிருந்து ஜனங்கள் தலைதெறிக்க ஓடி வந்தபோது ஆபீசுக்கு முன்னால் மூன்று லாரிகள் உப்புக்காகக் காத்திருந்தன. அன்றைக்கு அவற்றில் உப்பு ஏறவில்லை. கிழவிகளையும் குழந்தைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மேற்கே உள்ள ஊர்களுக்குப் போய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்தன, மறுபடி போயின. காலி வண்டி திரும்பி வருவதைப் பார்த்து தட்சணாமூர்த்தி சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். இரவு பலகையைத் துடைத்தார். நிலாவையும் சேர்த்துத் துடைத்தார். பிறகு பல மாதங்கள் கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

வேலம்மாள் அதற்கப்புறம்தான் உப்புக்கு வந்தாள். அதுவரை மீன் விற்றவள். அன்று காலை கரையில் மீன் கூடையைத் தங்கை சின்னப்பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சில்லறை மாற்ற ரோட்டுக்கு வந்தாள். திரும்பிப் போக அங்கே கரையும் இல்லை, கூடையும் இல்லை, தங்கையும் இல்லை. தற்காலிகத் தகரக் கொட்டகையில் ஓர் அறை கொடுத்தார்கள். ஏஜெண்ட் ஆபீசுக்குப் பின்னால் உப்பு மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைக்கும் வேலையில் சேர்ந்தாள். கை சுறுசுறு, வாய் அதைவிட. லோடுமேன்களை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். ஒரு பழக்கம் மட்டும் மாறவே இல்லை. எங்கே உட்கார்ந்தாலும் கிழக்கே முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். கடல் இருக்கிற திசைக்கு முகம் திருப்பியதே இல்லை. மீன் என்ற பேச்சு வந்தால் ஊசியோடு எழுந்து அடுத்த மூட்டைக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருஷம் உப்பளத்தில் சேறு வாரி, பாத்தி கட்டி, தாமதமாக முதல் உப்பு எடுத்தபோது நிலா மறுபடி பலகைக்கு வந்தது. கூட்டமும் தொடங்கியது. பழையபடி டீ, பழையபடி பேச்சு. முடிவில் தட்சணாமூர்த்தி எழுந்து, "யாராச்சும் போறீங்களா?" என்றார். பழையபடி ஒரு கையும் எழவில்லை.

"அங்க கடல் இருக்குதாண்ணா?"

மேடைக்குப் பின்னாலிருந்து கேட்டது. வேலம்மாள் கடைசி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி வந்துவிட்டதில் செயலாளருக்கு உற்சாகம். "இருக்குதும்மா. கடல்னு பேரு வெச்சிருக்கான். ஆனா ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. வெறும் மண்ணு."

"அலை?"

"காத்தே இல்லியாம், அலை எங்கேருந்து வரும்?"

வேலம்மாள் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப என் பேரப் போட்டுக்க. நான் போறேன்." சொல்லிவிட்டுத் திரும்பி நிலாவைப் பார்த்தாள். நிலா கிழக்கே இருந்தது. வேறு வழியில்லாமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

தட்சணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "ஆள் தேவை" என்பதை அழித்துவிட்டு "நிலா – 1" என்று எழுதினார். பாலக்காடு, சித்தூர், ஓசூரோடு சேர்ந்து நிலாவுக்கும் ஓர் எண் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய் அம்சவள்ளியிடம் சொன்னார். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். "ஏங்க, அவ நிலாவுக்கா போறேங்கிறா? கடலு இல்லாத எடம் எதுவானாலும் போறேங்கிறா. இது கூடவா புரியல உங்களுக்கு?" என்றாள். தட்சணாமூர்த்திக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. தான் அந்த எண்ணை எவ்வளவு ஆசையாக எழுதினோம் என்பதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மன்றத்தில் விநோதம் நடந்தது. ஒன்றரை வருஷமாக நிலாவைப் புகழ்ந்த செயலாளர் நிலாவைத் திட்ட ஆரம்பித்தார். வேலம்மாள் தைக்கிற இடத்துக்கே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"பதினாலு நாள் வெயிலுன்னா, அப்பால பதினாலு நாள் இருட்டும்மா. குளுரு தாங்காது."

"கொட்டாயில மட்டும் இன்னா வாழுது? போத்திக்கினு படுத்துக்கறேன்."

"பேசறதுக்கு ஆளு கெடைக்காது."

"உன் தொல்லை இருக்காதுல்ல?"

"சோறு தண்ணியெல்லாம் அளவுதான். கொழம்புக்கு ஒரு மீனு கூடக் கெடைக்காது வேலம்மா."

அவள் ஊசி நின்றது. பிறகு, "மீனு வேணாம்" என்றாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. "செயலாளரே எதிர்க்கட்சி ஆயிட்டாருடா" என்று லோடுமேன்கள் சிரித்தார்கள். தட்சணாமூர்த்தி சிரிக்கவில்லை.

2006இல் சாலைக்கு மேற்கே, கடலிலிருந்து தள்ளி, குப்பத்து ஜனங்களுக்குக் கான்கிரீட் வீடுகள் தயாராயின. ஒவ்வொருவராகச் சாவி வாங்கிக்கொண்டு பால் காய்ச்சினார்கள். ஒரு மத்தியானம் வீடு கட்டிக் கொடுத்த தொண்டு நிறுவனத்திலிருந்து செந்தமிழ் என்கிற பெண் வந்து, ஸ்கூட்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள். படித்த பிள்ளை, முகத்தில் சிரிப்பே இல்லை. "சார், நீங்கதான் நிலாவுக்கு ஆள் அனுப்புறீங்களா?" என்று கேட்டாள். தட்சணாமூர்த்தி இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தார். ஆனால் கேட்ட விதம் சரியில்லை. விஷயம் இதுதான்: வேலம்மாள் சாவி வாங்க மறுக்கிறாள். "நான் நிலாவுக்குப் போறவ, எனக்கு எதுக்கு வூடு? ஏஜெண்ட் போர்டுல போயிப் பாரு, பேரு ஏறியாச்சு" என்கிறாளாம். கொட்டகையை இந்த மாதக் கடைசியில் பிரித்துவிடுவார்கள். அதற்குள் வராவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். "விளையாட்டுக்கு எழுதறீங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு அவங்க வீட்டை விடப் போறாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை தட்சணாமூர்த்தி பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அந்த ஒன்றை அழிப்பது ஒரு விநாடி வேலை. அழித்துவிட்டால்? இந்த உலகத்தில் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருப்பது இந்தச் சுண்ணாம்புக் கோடு ஒன்றைத்தான். அதைத் துணியால் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தார்.

மறுநாள் காலை மூட்டைகளுக்கு நடுவே போய், ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். "வேலம்மா, நிலா வண்டி கெளம்ப இன்னும் நாளாவும். அமெரிக்காக்காரனே இன்னும் பதினஞ்சு வருஷம்ன்றான்."

"ஆவட்டும். நான் எங்க ஓடப்போறேன்?"

"அதுக்கில்ல. லோடு கெடைக்கிற வரைக்கும் வண்டிய எங்கயாச்சும் ஒதுக்கி நிறுத்தணும்ல? நடு ரோட்லயா நிறுத்துவாங்க? கொட்டாயைப் பிரிச்சிட்டா நீ எங்க நிப்ப?"

வேலம்மாள் ஊசியில் சணலைக் கோத்தாள். எழுந்து போகவில்லை.

"இன்னொண்ணு. குடியேறப் போற ஆளுக்குப் பழக்கம் வேணும். புது எடம், அக்கம்பக்கம் புதுசு, கடலு கண்ணுக்குத் தெரியாது... அந்த வூட்ல இருந்து பாரு. அங்க முடிஞ்சாத்தான் நிலாவுல முடியும். மன்றத்துல சட்டம் போட்டாச்சு."

"எப்ப போட்டீங்க?"

"ராத்திரி."

வேலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.   "புதுவூட்டுக்கு மொதல்ல உப்பு போவணும்" என்றாள். "கூடப் பொறந்தவ கொண்டாருவா. எனக்கு அவ இல்ல. நீ கொண்டாந்து வெப்பியா?"

"வெக்கறேன்."

"ஆளுங்கிட்டக் குடுத்து அனுப்பக் கூடாது. நீதான் தூக்கிக்கினு வரணும்."

"நான்தான் தூக்கிக்கினு வர்றேன்" என்றார் தட்சணாமூர்த்தி.

வீடு புகுவதற்கு ஒரு கிண்ணம் உப்பு போதும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தட்சணாமூர்த்தி சில்லறை வியாபாரி இல்லை. அந்தப் பருவத்தின் நல்ல கல் உப்பாகப் பார்த்து, எழுபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றை எடுத்து வைத்தார். தனகோடியின் லாரி அந்த வழியாகப் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக லாரியில் ஏறினார், எலுமிச்சம்பழத்தோடு. கூப்பிடு தூரம்தான். இறங்கும்போது வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். புது வீட்டு வரிசையில் அத்தனை வாசலிலும் ஜனம் நின்றது. லோடுமேன்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி அவர் முதுகில் வைத்தார்கள். முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆட ஆரம்பித்தன.

"ஏஜெண்ட்டு, இது பன்னெண்டு கிலோதான், நெனச்சிக்க!" என்று ஒருவன் கத்தினான்.

"மெள்ள மெள்ள, நிலாவுல பள்ளம் ஜாஸ்தி!" என்று இன்னொருவன்.

லாரிக்கும் வாசலுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. அதைக் கடந்து, நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, உள்ளே மூலையில் மூட்டையைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஜனம் கைதட்டியது. அம்சவள்ளி அடுப்பில் பாலை வைத்தாள். அது பொங்கி வழிந்தபோது வேலம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "ஒரு பொம்பளைக்கு எத்தினி உப்புண்ணா? இத வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள். தட்சணாமூர்த்தி வீட்டுக்குப் போய் மூன்று நாள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அதற்கப்புறம் வேலம்மாள் தைக்க வருவது குறைந்தது. வாரத்தில் இரண்டு நாள் வந்தாள், பிறகு ஒருநாள், பிறகு வரவே இல்லை. உடம்பு சரியில்லையோ, வீடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தட்சணாமூர்த்திக்கு நிலைகொள்ளவில்லை. போய்ப் பார்க்கவும் தயக்கம். பலகையில் "நிலா – 1" என்று தினமும் எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும். அந்தப் பௌர்ணமியில் அவர் "யாராச்சும் போறீங்களா" என்று கேட்கவே இல்லை. டீயைக் குடித்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

அதற்கப்புறம் ஒரு காலையில், அவர் பலகையை எழுதி முடித்துச் சாக்பீஸைக் காதில் செருகுகிற நேரத்தில், வேலம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு சாக்குப் பை. அவர் சுமந்து போன அதே உப்புச் சாக்கு, பாதியாக வெட்டித் தைத்தது. மேசை மேல் வைத்தாள். கருவாட்டு வாசனை தகரக் கூரை வரை எழுந்தது. பக்கத்து டீக்கடையில் கொளஞ்சி மூக்கை நிமிர்த்தினார்.

தட்சணாமூர்த்தி பையைப் பிரித்துப் பார்த்தார். வஞ்சிரம், நெத்திலி, பாளம் பாளமாகச் சுறா. உப்பு பதமாகப் பிடித்துக் காய்ந்திருந்தது.

"ஏதும்மா மீனு?"

"கரைக்குப் போயிருந்தேன்" என்றாள், ரேஷன் கடைக்குப் போய்வந்ததைச் சொல்வது போல. "அவ்ளோ உப்ப வூட்டுக்குள்ள கொண்டாந்து போட்டா, ஒருத்தி எத்தினி நாளு அதையே பாத்துக்கினு குந்தியிருப்பா? ஒரு நாளு எழுந்து போனேன். அப்பால தினமும் போறேன்." சாக்குத் தையலை விரலால் நீவினாள். "சின்னப்பாப்பா குந்துற எடத்துல யாரும் குந்தல. அப்படியே வுட்டு வெச்சிருக்காளுங்க. பக்கத்துல குந்திக்கறேன்."

 அவர் பையின் வாயை மறுபடி மடித்துக்கொண்டே, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

"நீதான் சொல்லுவியே, வண்டி காலியாத் திரும்பக்கூடாதுன்னு." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவசரமாக இருந்தாள். வாசலைத் தாண்டிப் போய்விட்டு, பலகையைப் பார்த்து நின்றாள். "நிலா வண்டி காத்தால வந்துச்சுன்னா நான் கரையில மீனு ஏலத்துல இருப்பேன். பத்து மணி வரைக்கும் நிக்கச் சொல்லு."

மண்பாதையில் கிழக்கே திரும்பி, உப்பளங்களுக்கு நடுவே வேகமாக நடந்தாள்.

அவள் அம்பாரங்களைத் தாண்டி மறைகிற வரை தட்சணாமூர்த்தி வாசலில் நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டின் முனையை டீ கிளாஸ் கழுவிய தண்ணீரில் நனைத்து, குனிந்து, நிலாவுக்கு நேரே இருந்த எண்ணை மட்டும் சுத்தமாகத் துடைத்தார். காதிலிருந்து சாக்பீஸை எடுத்து, இன்னும் காயாத அந்த ஈரத்தின் மேலேயே எழுதினார்: "ஆள் தேவை."